வான்னா போ

ஏப்ரல் 10, வியாழன்

நான் பேசப் பேச இந்தப் போனே எழுதிக்கிடுமாம். கனிதான் காட்டிக் குடுத்தா. “அத்தான், ஒங்க கதைய எல்லாம் இனிமே இதுகிட்டச் சொல்லுங்க. டூட்டி முடிஞ்சு வந்து என்னால காது குடுக்க முடியாது”ன்னுட்டா. அவ சொல்லுதது சரிதான். ரெண்டு வருசமா போன்ல மட்டும் கேட்ட குரலு இப்ப வீட்டுக்குள்ளயே வந்து ஒக்காந்துக்கிட்டுப் பேசுனா யாருக்கும் மலைப்பாத்தான் இருக்கும்.

நான் மூணாப்போட பள்ளிக்கூடத்த விட்டவன். எழுத்து சரியா வராது, பேச்சு வரும். எட்டயபுரம் சந்தையில ஆட்டு யாவாரம். அங்க பேச்சுதான் மொதலு. ஆட்டோட பல்லப் பாத்து வயசு சொல்லுவேன், ஆட்டுக்காரன் மொகத்தப் பாத்து வெல சொல்லுவேன். கனி எம் மாமா மக, நர்ஸ் படிப்பு படிச்சவ. அவளுக்கு இந்தப் போர்ச்சுகல் தேசத்துல, தெக்குக் கடக்கரையோரம் ஒரு முதியோர் இல்லத்துல வேல கெடச்சு ரெண்டு வருசம் முந்தி வந்துட்டா. இப்பத்தான் எனக்கும் மக முகிலாவுக்கும் விசாத் தாளு கெடச்சு, முந்தாநாளு வந்து எறங்குனோம்.

முகிலாவுக்கு அஞ்சு வயசு. வாய்னா வாயி, அப்படி ஒரு வாயி. என்னய உரிச்சு வச்ச மாதிரி. பிளேன்ல பக்கத்து சீட்டு வெள்ளக்காரம்மாகிட்ட தமிழ்லயே ஊர்க்கத பூராஞ் சொல்லிட்டு, கடைசியில “எங்க பெட்டிக்குள்ள உப்புக்கண்டம் இருக்கு, எங்கம்மாவுக்கு”ன்னும் சொல்லிப்புட்டா. கறி கொண்டு போனா அடுத்த பிளேன்லயே திருப்பி ஏத்தி விட்ருவான்னு டிராவல்ஸ்காரன் சொல்லியிருந்தான். ஆனா கனிக்கு உப்புக்கண்டம்னா உசுரு. நல்ல கிடாயா பாத்து, நானே அறுத்து, மஞ்சளும் உப்பும் போட்டு, கயித்துல கோத்து, மொட்டமாடியில காக்காய வெரட்டிக்கிட்டே காயவச்சது. அத விட்டுட்டு வர மனசு வரல. துணிக்குள்ள சுத்தி, அதுக்கு மேல சேலையச் சுத்தி வச்சிருந்தேன்.

எறங்கி வரிசையில நிக்கும்போது முகிலா கையப் புடிச்சு எந்தலையில வச்சு, இந்த ஊருக்குள்ள வாயே தொறக்க மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டேன். தொறந்தா அப்பா தல வெடிச்சிரும்னேன். கண்ணாடிக் கூண்டுக்குள்ள இருந்த ஆபீசர் சிரிச்சுக்கிட்டுப் பேரு கேட்டாரு. வாய இறுக்கி மூடிக்கிட்டு நின்னா. நல்ல புள்ள. பெட்டியும் தப்பிச்சு வந்துருச்சு. அந்தப் பெட்டி வார பட்டை இருக்கே, அது ஒரு கதை. யாரும் தள்ளாம அதுபாட்டுக்குச் சுத்துது, சந்தையில ஆடு சுத்திக் காட்டுத மாதிரி. நான் வேற ஒருத்தன் பெட்டியத் தூக்கி, அவன் வந்து புடுங்கி, பெறவுதான் நம்ம பெட்டி வந்துச்சு.

வெளிய கனி நின்னா. எளச்சிருந்தா. முகிலா ஓடிப் போயி அவ கழுத்தக் கட்டிக்கிட்டா. சத்தமே இல்ல. களைப்பு.

ஏப்ரல் 12, சனி

இந்த ஊரு வெயிலப் பத்திச் சொல்லணும். வெயிலு நம்ம வெயிலு மாதிரியே பளீர்னு அடிக்கி, ஆனா காத்து சில்லுனு இருக்கு. சூடு இல்லாத வெயில நான் இப்பத்தான் பாக்கேன். நம்பி வெளிய போனா நடுக்கம் எடுக்கு. வீட்டுச் செவரெல்லாம் வெள்ள. தெருவுல ஆரஞ்சு மரம் காய்ச்சித் தொங்குது, ஒருத்தனும் பறிக்க மாட்டேங்கான்.

கடலு கிட்டத்துல. மஞ்சளா, கறையான் புத்து மாதிரி ஒசரமான மண்ணுப் பாறை, அதுக்குக் கீழ மணலு, அதுக்கு அந்தால தண்ணி. எனக்குக் கடலக் கண்டா ஆகாது. ஆடும் நானும் ஒண்ணு, தண்ணியக் கண்டா பின்னுக்குப் போறவுக.

கீழ்வீட்டுக்காரம்மா பேரு லூர்து. நம்ம பக்கத்துல லூர்து மாதா கோயிலு இருக்குல்ல, அந்தப் பேரேதான். எழுவது வயசு இருக்கும், கறுப்புப் பாவாட. அவுகதான் இந்த வீட்டுச் சொந்தக்காரி. அவுக பேசுதது பாதி தமிழு. நெசமாச் சொல்லுதேன். மேசைய மேசாங்காக. ஜன்னல ழனெலாங்காக. சாவிய சாவ்வுங்காக. என்னமோ பாச தெரியாம திண்டாடப் போறேன்னு ஊர்ல பயந்துக்கிட்டுக் கெடந்தேன். இன்னைக்குத் தண்ணிக் கொழாயச் சொல்லப் போனேன். அவுக கதவத் தொறந்து, கைய வீசி “வா, வா”ன்னாக. சரி, கூப்பிடுதாகன்னு உள்ள போயி மேசா முன்னால ஒக்காந்துட்டேன். அவுக கொஞ்ச நேரம் என்னையே பாத்துக்கிட்டு நின்னாக. அடுப்புல என்னமோ தீஞ்ச வாட அடிச்சுச்சு. பெறவு சிரிச்சுட்டு ஒரு ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தாக. நல்ல மனுசி. “வா”ங்குத ஒரு சொல்லு போதும், ஒரு ஊர்ல பொழச்சுக்கிடலாம்.

முகிலா வாசல்லயே நின்னுக்கிட்டா. பேசல. வெக்கம் போல.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திர ஒண்ணு. கனி பாயாசம் வச்சா. முகிலா குடிச்சா. நல்லாருக்கான்னு கேட்டதுக்குத் தலைய ஆட்டுனா.

ஏப்ரல் 19, சனி

பேச மாட்டேங்கா. மொதல்ல களைப்புன்னு நெனச்சோம், பெறவு வெக்கம்னு நெனச்சோம். இப்ப என்னன்னு நெனைக்கன்னு தெரியல. சிரிப்பு வந்தாக்கூட வாயக் கையால பொத்திக்கிடுதா. கனி தலை சீவி விடும்போது “அம்மான்னு ஒருவாட்டி சொல்லு தாயி”ன்னு கேட்டா. முகிலாவுக்குக் கண்ணு ரெண்டும் நெறஞ்சு போச்சு. என்னப் பாத்தா. சொல்லல.

கனி பாத்ரூமுக்குள்ள போயிக் கொழாயத் தொறந்து விட்டுக்கிட்டா. வெளிய வந்து, ரெண்டு வருசம் விட்டுட்டு வந்தேன்ல, அந்தக் கோவம், அனுபவிக்கணும்னா. அதெல்லாம் இல்லன்னு சொன்னேன். வேற என்னன்னு கேட்டா.

உப்புக்கண்டத்த எடுத்துச் சமைக்கவான்னேன். பிரிஜ்ல ஒறையுத பெட்டிக்குள்ள வச்சு மூடிட்டா. புள்ள வாயத் தொறக்கட்டும், அன்னைக்குத் திங்கலாம்னுட்டா.

ஏப்ரல் 24, வியாழன்

முகிலாவ முந்தாநாத்து பள்ளிக்கூடத்துல சேத்தோம். சின்னப்புள்ளைக பள்ளிக்கூடம். நீலச் சட்டை மேல கட்டம் போட்ட அங்கி. அந்த அங்கியில பாக்க எம்மகளா வேற யாரு மகளான்னு இருந்துச்சு. டீச்சர் பேரு பிலிப்பா. குனிஞ்சு மொழங்கால் போட்டுத்தான் புள்ளைககிட்ட பேசுதாக. நம்ம ஊர்ல புள்ளைகதான் மொழங்கால் போடும்.

நான் கொண்டு விடப் போகணும், கூட்டியாரப் போகணும். நடுவுல துணி தொவைக்கணும், சோறு வடிக்கணும். சந்தையில ஆயிரம் ஆட்டுக்கு வெல பேசுனவன் இப்பக் கொடியில பாவாட காயப்போடுதேன். அதுல ஒண்ணும் கொறச்சல் இல்ல. பேச ஆள் இல்லாததுதான் கொறச்சல். மக ஒருத்தி இருந்தா எனக்குச் சரிக்குச் சரியா. அவளும் இப்படி ஆயிட்டா.

நான் போன்கிட்ட பேசும்போது முகிலா வந்து பக்கத்துல ஒக்காந்துக்கிடுதா. என் வாயப் பாக்கா. பெறவு எந்தலையப் பாக்கா. நரை விழுந்துருச்சோன்னு கண்ணாடியில போயிப் பாத்தேன். விழுந்துதான் இருக்கு.

மே 4, ஞாயிறு

இன்னைக்கு அருள்ராஜப் பாத்தேன். நாகர்கோயில் பக்கத்துப் பையன், கடக்கரை ஓட்டல்ல சமையலு. இந்த ஊர்ல எங்களத் தவிர உள்ள ஒரே தமிழ் ஆளு. தமிழ் கேட்டதும் எனக்குச் சந்தோசத்துல அழுக வந்துருச்சு, அத மறைக்க அவன் மீசையக் கேலி பண்ணிக்கிட்டே இருந்தேன். அவன் என் நடையக் கேலி பண்ணுனான், வேட்டி கட்டாமலே வேட்டியத் தூக்கிப் புடிச்சு நடக்கீகண்ணே அப்படின்னான்.

முகிலா பேசாதத அவங்கிட்டச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. சிரிச்சுக்கிட்டு இருந்தவன் குரலத் தணிச்சுட்டான். “அண்ணே, பாத்து இருங்க. இங்க புள்ள வாடிப்போயி இருந்தா, வீட்டுல என்னமோ நடக்குன்னு பள்ளிக்கூடமே எழுதிப் போட்ரும். ஆபீஸ்ல இருந்து வந்து புள்ளையத் தூக்கிட்டுப் போயிருவாங்க. பெறவு வருசத்துக்கு ஒருக்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வச்சுக் காட்டுவாங்க.” அவனுக்குத் தெரிஞ்ச யாருக்கோ தெரிஞ்ச குடும்பத்துக்கு வேற ஒரு நாட்டுல அப்படி நடந்துச்சாம்.

திரும்பி வரும்போது முகிலா கைய நான் புடிச்ச புடியில அவ வெரலு வெள்ளையாப் போச்சு.

மே 5, திங்கள்

பள்ளிக்கூடத்துக்கு அனுப்பல. வயித்துவலின்னு கனிகிட்டச் சொன்னேன். யாருக்கு வயித்துவலின்னு சொல்லல.

மே 13, செவ்வாய்

டாக்டர் பாத்தாரு. காதுக்குள்ள வெளக்கு அடிச்சாரு. தொண்டைக்குள்ள குச்சி விட்டாரு. எல்லாம் சரியா இருக்காம். புள்ளையப் பயமுறுத்துனது யாரும் உண்டான்னு கனி மூலமாக் கேட்டாரு. நாங்க ரெண்டு பேரும் இல்லன்னோம். என்னத்துக்குப் பயப்படப் போறா, நான் கூடவே இருக்கேன்னேன். அந்த டாக்டர் முகிலாவப் பாக்காம என்னையே பாத்து எழுதுனாரு.

ஒருவாட்டி ஒரு வெள்ளாடு வாங்குனேன். கத்தவே கத்தாது. ஊமை ஆடுன்னு கொறச்ச வெலைக்குக் குடுத்தான். கிடையில மத்த ஆடெல்லாம் கத்தும், இது நிக்கும். தீவனமும் திங்கும், குட்டியும் ஈனுச்சு. பெறவு ஒரு நாளு இடம் மாத்திக் கட்டுனேன், மே மேன்னு பிச்சு எடுத்துருச்சு. என்னன்னு பாத்தா, மொதக் கட்டுன எடத்துக்குப் பின்னால நரி வந்து போற தடம் இருந்திருக்கு. வாடையப் புடிச்ச ஆடு வாயத் தொறக்காது. கத்துனா தான் இருக்கிற எடம் தெரிஞ்சிரும்னு அதுக்குத் தெரியும்.

இங்க ஏது நரி.

மே 22, வியாழன்

மத்தியானம் முகிலா கட்டுல்ல ஒறங்கிட்டு இருந்தா. நான் கீர உருவிக்கிட்டு இருந்தேன். தூக்கத்துல என்னமோ முனங்குனா. “பந்து குடு”ங்குத மாதிரி கேட்டுச்சு. ரெண்டு வார்த்த. எனக்கு உசுரு வந்துச்சு. அதுக்குள்ள முழிச்சுட்டா. முழிச்சவ கண்ணு பிதுங்கப் பதறி, ஓடியாந்து எந்தலைய ரெண்டு கையாலயும் புடிச்சுத் தடவுதா. காதுக்குப் பின்னால, பிடரியில, உச்சியில. என்ன தாயி கனாக் கண்டியான்னு கேட்டேன். எம் மடியில மொகத்தப் பொதச்சுக்கிட்டா. பாசக்காரப் புள்ள.

கனிகிட்டச் சொன்னேன், புள்ளைக்குக் குரலு இருக்கு, காதால கேட்டேன்னு. அவ சந்தோசப்படல. கதவச் சாத்திட்டு வந்து எதுத்தாப்புல ஒக்காந்தா.

“அத்தான், நான் இல்லாத ரெண்டு வருசத்துல புள்ளைய யாராச்சும் எதுவும் செஞ்சாகளா?”

அவ கேட்டதுக்கு என்ன அர்த்தம்னு வெளங்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. எங்கூடவே தூங்குவா, எங்கூடவே சந்தைக்கு வருவா, ஆட்டுக்குட்டி மாதிரி தோள்லயேதான் கெடப்பான்னு சொல்லுதேன். அவ எம் மொகத்தையே பாத்துக்கிட்டு இருக்கா. ஆட்டுக்காரன் மொகத்த நான் பாக்கிற மாதிரி. என் பொண்டாட்டி எனக்கு வெல போட்டுக்கிட்டு இருந்தா. அத எப்படிச் சொல்ல.

ஜூன் 3, செவ்வாய்

பிலிப்பா டீச்சர் கனியக் கூப்பிட்டுப் பேசுனாக. புள்ளைக்குச் சொல்லுதது எல்லாம் புரியுதாம். வான்னா வாரா, ஒக்காருன்னா ஒக்காருதா, பாட்டுக்குச் சரியாக் கை தட்டுதா. குரலு மட்டும் இல்ல. கவலையா இருக்காம். அதனால குழந்தைகளப் பாக்குத ஆபீஸ்ல இருந்து ஒரு அம்மா வீட்டுக்கு வருவாகளாம். பதினேழாந் தேதி.

அருள்ராஜ் சொன்னது அப்படியே வருது.

கனி தைரியமாத்தான் இருந்தா, வந்து பேசிட்டுப் போவாங்க, ஒதவிக்குத்தான்னா. ஆனா சாயங்காலம் பெட்டியத் தொடச்சுக்கிட்டு இருந்தா. என்னத்துக்குன்னேன். ஒருவேள ஊருக்குப் போனா பேசுவாளோ என்னமோ, ஒங்க ரெண்டு பேரையும் அனுப்பி வச்சிரட்டுமான்னா. அவ கடன் வாங்கி வரல, களவாண்டு வரல, மூணு பேரும் ஒரே தட்டுல சோறு திங்கணும்னு வந்தவ. அவ வாயால அதச் சொல்லும்போது முகிலா கதவோரம் நின்னு கேட்டுக்கிட்டு இருந்தா. வாயத் தொறந்தா. நான் பாத்தேன், தொறந்தா. பெறவு எந்தலையப் பாத்துட்டு மூடிக்கிட்டா.

ஜூன் 8, ஞாயிறு

வாசல் மணி அடிச்சா நானும் முகிலாவும் கட்டுலுக்கு அந்தப் பக்கம் ஒக்காந்துக்கிடுதோம். இன்னைக்கு வந்தது லூர்தம்மா, மீன் குடுக்க.

ஜூன் 15, ஞாயிறு

போனக் கீழ வச்சுட்டுத்தான் பேசுதேன்.

கனிக்கு லீவு. கடலுக்குப் போவோம், புள்ள கொஞ்சம் வெளையாடட்டும், நாளக் கழிச்சு அந்த ஆபீஸ் அம்மா வருமுன்ன மொகமாச்சும் தெளிவா இருக்கட்டும்னா. போனோம். இப்ப வெயிலு நெசமான வெயிலு ஆயிருச்சு. மணல்ல கால் வைக்க முடியல. கனி மேல கடையில ஐஸ் வாங்கியாரேன்னு படியேறிப் போனா. முகிலா தண்ணிக்கு இந்தால ஈர மணல்ல குழி தோண்டிக்கிட்டு இருந்தா. நான் எங்க போவேன், நெழலத் தேடித்தான் போவேன். அந்த மஞ்சப் பாறைக்கு அடியில நல்ல நெழலு. வெள்ளக்காரன் ஒருத்தன்கூட அங்கன இல்ல, எல்லாரும் வெயில்ல கெடந்து வேகுதாக. கோட்டிக்காரப் பயலுகன்னு நெனச்சுக்கிட்டு ஒக்காந்தேன். பக்கத்துல ஒரு பலக நட்டிருந்துச்சு, அதுல ஒரு மனுசப் படமும் கல்லு படமும். ஏதோ வெளம்பரம்னு இருந்துட்டேன்.

கொஞ்ச நேரத்துல விசில் சத்தம். பாறையோட மூலையத் திரும்பி, மஞ்சச் சட்டையும் செவப்பு டவுசரும் போட்ட கடக்கரைக் காவல்காரன் ஒருத்தன் அந்தக் கடைசியில நின்னான். என்னயப் பாத்துக் கைய வீசிக்கிட்டே “வா! வா!”ங்கான்.

சட்ட போட்ட ஆளு கூப்பிடுதான். அந்த ஆபீஸ்லதான் சொல்லி விட்டாகளோ. ஓடுனா தப்பாப் போயிரும். சொன்னபடி கேட்டா விட்ருவாகன்னு எந்திரிச்சேன். எனக்கும் அவனுக்கும் நடுவுல பாறை குடை மாதிரி முன்னுக்குத் தள்ளிக்கிட்டு நிக்கி. அதுக்கு அடியோடதான் அவங்கிட்ட நேரா போற வழி. நடந்தேன். பொடிக் கல்லு நாலஞ்சு தோளு மேல விழுந்துச்சு. மேல யாரோ வெளையாடுதாகன்னு நெனச்சேன். அவன் இன்னும் பெருசாக் கத்துதான், வா, வா, ரெண்டு கையாலயும் காத்தத் தள்ளுதான். வெரசா வரச் சொல்லுதான்னு நானும் வெரசா நடந்தேன்.

அப்பந்தான் கேட்டுச்சு.

“அப்பா!”

நின்னுட்டேன்.

“அப்பா, போகாத! வான்னா போ! இங்கன வாப்பா!”

போகாத, போ, வா. மூணும் ஒண்ணா வந்து விழுந்துச்சு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. அப்பான்னது மட்டும் வெளங்குச்சு. ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு அந்தச் சொல்லக் கேட்டு. நான் அந்தப் பாறைக்குப் பயந்து ஓடல. அந்தக் குரலுக்கு ஓடுனேன். தண்ணிப் பக்கமா, எம் மகளப் பாத்து, ஆடு கொட்டிலுக்கு ஓடுத மாதிரி ஓடுனேன்.

அவளத் தொடுததுக்கும் பின்னால மலை சரியுததுக்கும் சரியா இருந்துச்சு. இடி மாதிரி இல்ல, லாரியில இருந்து சரள் கொட்டுவாகளே, அந்தச் சத்தம். திரும்பிப் பாத்தா மஞ்சப் புழுதி. நான் நடந்துக்கிட்டு இருந்த எடம் இல்ல. அந்தப் பலகையும் இல்ல.

முகிலா அதப் பாக்கல. அவ எம்மேல ஏறி எந்தலையப் புடிச்சுக்கிட்டா. ரெண்டு கையும் உச்சியில வச்சு அமுக்குதா, எதையோ வெடிச்சிராமப் புடிச்சு வைக்குத மாதிரி. நகமெல்லாம் பதியுது.

“பேசிட்டேன்பா. பேசிட்டேன். வலிக்குதாப்பா? வெடிக்கப் போகுதா?”

காவல்காரன் ஓடியாந்தான். அவன் என்னமோ கேக்க, இவ எந்தலைய விடாமலே அவன் பாசையில பதில் சொல்லுதா. எங்கிட்ட திரும்பி, “இங்க வான்னா போன்னு அர்த்தம்பா. டீச்சர் சொல்லுவாங்க. லூர்தம்மா அன்னைக்கு ஒன்னைய வெளிய போகத்தான் சொன்னாங்க, அவங்க அடுப்பு தீஞ்சுச்சு”ங்கா. பள்ளிக்கூடம் போன பெறவு இதெல்லாம் வெளங்கியிருக்கு போல. பெறவு மறுபடியும் எந்தலையத் தடவுதா.

கனி படியில இருந்து எறங்கி ஓடியாந்தா. கையில ஐஸ் ரெண்டும் உருகி மொழங்கை வரைக்கும் ஒழுகுது. மக பேசுதத அவ கேட்டுட்டா. ஆனா கட்டிப் புடிக்கல. மொத என் மொகத்தப் பாத்தா.

“எது வெடிக்கும்? என்ன சொல்லுதா இவ?”

சொன்னேன். வரிசையில நின்னது, உப்புக்கண்டம், சத்தியம். சொல்லச் சொல்லத்தான் எனக்கே ஞாபகம் வருது. அந்தப் பெட்டியில மேல போட்ட சேலையக்கூட நெனவு வச்சிருந்தேன், இத மறந்துட்டேன். ஏர்போட்டுக்குள்ள பேசாதன்னுதான் எம் மனசுல இருந்துச்சு. வாயில ஊருன்னு வந்துருச்சு. அவளுக்கு இது பூராவும் ஊரு.

கனி மணல்ல ஒக்காந்துட்டா.

“எம்மேல கோவம்னு நெனச்சேனே அத்தான். இம்புட்டு நாளும் எம்மேல கோவம்னு நெனச்சுக் கெடந்தேனே.”

வீட்டுக்கு வந்து முகிலா கைய எந்தலையில வச்சு, சத்தியத்தத் திருப்பி எடுத்தாச்சு, இனிமே எங்க வேணும்னாலும் பேசலாம்னேன். நெசமாவான்னு கேட்டா. நெசமான்னேன். இன்னொருவாட்டி சொல்லச் சொன்னா. சொன்னேன். இன்னொருவாட்டியும் சொல்லச் சொன்னா.

ஜூன் 16, திங்கள்

இப்பக் கனி பேச மாட்டேங்கா. எங்கிட்ட மட்டும்.

ஜூன் 17, செவ்வாய்

அந்தம்மா வந்தாக. சின்ன வயசு. செருப்ப வெளிய கழட்டிட்டு வந்தாக, யாரு சொல்லிக் குடுத்தாகளோ. அடுப்பங்கரைச் செவத்துல சாஞ்சுக்கிட்டேன்.

முகிலா அவுக பக்கத்துல ஒக்காந்து, தேக்கி வச்சதெல்லாம் கொட்டுதா. அவுக பாச பாதி, தமிழு பாதி. எனக்கு ஒண்ணும் புரியல. திடீர்னு நடுவுல தெளிவா ஒரு சொல்லு விழுந்துச்சு. உப்புக்கண்டம். எந்தச் சொல்லு எந்த ஆபீசர் காதுலயும் விழக்கூடாதுன்னு எம் மக வாயக் கட்டுனேனோ, அந்தச் சொல்லு, ஆபீசர் முன்னால. கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி பிரிஜத் தொறந்தே காட்டுதா.

அந்தம்மா ஒரு துண்ட எடுத்து மோந்து பாத்தாக. கனிகிட்ட என்னமோ கேட்டாக. எப்படிச் சமைப்பீகன்னு கேட்டாகன்னு முகிலாதான் எனக்குச் சொன்னா. பெறவு நோட்ட மூடிட்டு, புள்ளைக்கு டாட்டா காட்டிட்டுக் கெளம்பிட்டாக.

கனி ராத்திரிச் சோத்துக்கு அத எண்ணெயில போட்டுப் பொரிச்சா. முகிலாவுக்கு வச்சா, அவளுக்கு வச்சுக்கிட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு என் தட்டுலயும் ஒரு துண்டு விழுந்துச்சு. வார்த்த இல்ல. ஆனா வச்சா. உப்பு கூடிப்போச்சு, சொல்லல நான்.

ஜூன் 27, வெள்ளி

முகிலா பேசுதா. குளிக்கும்போது பேசுதா, சாப்பிடும்போது பேசுதா. பள்ளிக்கூடத்துல கொஞ்சம் வாய மூடச் சொல்லுங்கன்னு டீச்சர் சிரிச்சுக்கிட்டே சொன்னாகளாம். நான் சொல்ல மாட்டேன்னுட்டேன். அந்தச் சொல்லே இனி எனக்கு வேண்டாம்.

கனி நேத்து சாயங்காலம் “உப்பு கூடியிருந்தா சொல்ல வேண்டியதுதானே”ன்னா. பத்து நாளு கழிச்சு மொத வார்த்த.

காலையில பள்ளிக்கூடம் கெளம்பும்போது மட்டும், அங்கியப் போட்டு, பையத் தோள்ல மாட்டுன பெறகு, முகிலா எம் பக்கத்துல வந்து நிப்பா. பேசுத பேச்ச நிறுத்திருவா. கைய எந்தலையில வச்சுப் பாப்பா. உச்சியில, பெறவு காதுக்குப் பின்னால, பெறவு பிடரியில. எல்லாம் இருக்கான்னு பாத்துட்டுத்தான் வாசப்படி எறங்குவா.

அவளா கைய எடுக்குத வரைக்கும் நான் அசையுததில்ல.